கோடையில் தென்கடற்கரைப் பயணம்: மீன்பிடித் தடைக்காலத்தில் எதைத் தேடி உண்பது?

கொங்குவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் இரண்டாம் வாரத்தில் குடும்பத்துடன் இராமநாதபுரத்தில் தொடங்கி, கீழக்கரை, தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிய சாலையிலேயே செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் வேறு மாதத்துக்குத் தள்ளிவைக்க வழியில்லை. மலைக்கு அருகில் வாழும் எங்களுக்குக் கடல்மீன் என்பது பனிக்கட்டிப் பெட்டியில் வந்து சேர்வதுதான். அன்று காலையில் பிடித்த மீனை அன்று மதியமே உண்ண வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசையும்.

ஆனால் நண்பர் ஒருவர், மே மாதம் முழுவதும் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடற்கரை ஊர்களில் நல்ல மீனே இருக்காது, வெயிலில் அலைந்துவிட்டு ஊரில் கிடைக்கும் அதே பழைய மீனைத்தான் உண்டு திரும்புவீர்கள் என்கிறார். இது எவ்வளவு உண்மை? மீன் இல்லையென்றால் அந்தப் பருவத்துக்கே உரிய உணவு வேறு என்ன இருக்கிறது? எழுபதைக் கடந்த என் தந்தையார் உடன் வருகிறார், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பிள்ளைகள் கடலில் இறங்காமல் இருக்க மாட்டார்கள். இவற்றையும் மனத்தில் கொண்டு, அந்தக் கரையை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உப்பளக்கரை எழுதியது:

நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. முதலில் 45 நாட்களாக இருந்த இந்தத் தடை 2017இல்தான் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவத்தில் இழுவலைகள் கடலடியை வாரிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த நாட்களில் தூத்துக்குடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகுக்கு வண்ணம் பூசுவதும், பலகை மாற்றுவதும், வலை பின்னுவதுமாகத் தொழிலாளர்கள் கரையில்தான் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே உரியது. வள்ளம், கட்டுமரம், ஃபைபர் படகு ஆகியவற்றில் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு கரைக்கு அருகே தொழில் செய்வோருக்கு அது இல்லை. ஆகவே சாளை, நெத்திலி, காரல், முரல், விளமீன், பாறை, ஊளி, கணவாய் என்று அன்றன்றைய பிடிப்புக்கு ஏற்ப ஏதேனும் ஒன்று கரைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அளவு குறைவு, விலை கூடுதல், எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பவைதான் மற்ற மாதங்களோடு ஒப்பிடும்போது உள்ள வேறுபாடு.

சிக்கல் எங்கே எழுகிறது என்றால், வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரிய சீலாத் துண்டும் பெரிய இறாலும்தான் வேண்டும் என்று கேட்கும்போதுதான். உங்கள் பக்கத்தில் வஞ்சிரம் என்று சொல்லப்படும் மீன்தான் எங்களுக்குச் சீலா. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப எந்த உணவகத்துக்கும் மனம் வராது. ஆகவே குளிர்பதனக் கிடங்கில் பல நாட்கள் இருந்ததோ, கேரளத்திலிருந்து பனிக்கட்டியில் வந்ததோ தட்டுக்கு வரும். அதற்கு மாறாக, இன்று நாட்டுப்படகில் வந்த மீன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இருப்பதை உண்ணுங்கள். சாளை என்றால் சாளை, காரல் என்றால் காரல். சிறு மீனை முள்ளோடு பொறுமையாக உண்ணத் தெரிந்தவருக்குக் கோடையிலும் இந்தக் கரை குறை வைக்காது. இல்லை என்று உணவகத்தார் நேர்மையாகச் சொன்னால், அந்த வேளைக்கு மீனை விட்டுவிடுவதே நல்லது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கோடை இங்கே உப்பு விளையும் காலம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையின் இருபுறமும் பாத்திகளில் உப்பு பூத்து நிற்பதையும், தொழிலாளர்கள் விடியற்காலையிலேயே இறங்கி வாருவதையும் காணலாம். காலை ஏழு மணிக்கு முன்பே அந்த வழியைக் கடக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெண்மையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. நாம் உண்ணும் உப்பு யாருடைய பாதங்களைப் புண்ணாக்கி வருகிறது என்பதைப் பிள்ளைகள் ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பனைவிளை எழுதியது:

உப்பளக்கரை அண்ணாச்சி மீனைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நண்பர் கொங்குவழி கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி. கோடையில் எங்கள் கரையில் கடல் ஓய்ந்திருக்கிறது, பனை உழைத்துக்கொண்டிருக்கிறது. கடல் விரியக் கொடுக்கும் மாதங்களில் வருபவர்கள் பனையைப் பார்ப்பதே இல்லை. பனை கொடுக்கும் மாதங்களில் வருபவர்களோ மீனைத் தேடி ஏமாந்து திரும்புகிறார்கள். மே மாதத்தில் வரும் உங்களுக்கு வாய்த்திருப்பது பனையின் பருவம் என்பதை மனத்தில் கொண்டு வாருங்கள்.

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் பக்கமாகப் போனால் சிவந்த தேரி மணலும் அதை ஒட்டிய பனங்காடுகளுமாகவே நிலம் கிடக்கும். வேறு எந்த மரமும் தயங்குகிற அந்த மணலில் பனை நின்று கொடுக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் பாளை விடத் தொடங்கும் மரங்களில் ஏறிப் பாளையைக் கட்டி, இடுக்கி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். ஆனி, ஆடி வரையில் பதநீர் இறங்கும். சித்திரையும் வைகாசியும் அதன் உச்சம். ஆண் மரமான அலகுப்பனை, பெண் மரமான பருவப்பனை இரண்டிலும் பதநீர் இறக்கலாம். நுங்கு பருவப்பனையில் மட்டும்தான் காய்க்கும், அதிலும் சீவிய பாளையில் காய்க்காது. எனவே ஒரு குலை நுங்கை நாம் வாங்கும்போது, அந்தப் பாளையின் பதநீரை வேண்டாம் என்று விட்டுவிட்டுத்தான் பனையேறி நுங்கை வெட்டியிருக்கிறார் என்று பொருள்.

பதநீரை எப்போது குடிப்பது என்பது மிக முக்கியம். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் இரவெல்லாம் சொட்டியது புளிக்காமல் காலையில் இனிப்பாகவே இறங்குகிறது. வெயில் ஏற ஏற அதன் சுவை மாறிவிடும். காலை ஏழு, எட்டு மணிக்குள் சாலையோரத்தில் நிற்பவரிடம், பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றச் சொல்லிக் குடியுங்கள். ஓலையின் மணமும் பதநீரின் மணமும் சேர்ந்து வருவதற்காகவே அது. அந்தப் பட்டையிலேயே இளநுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். மாங்காய்த் துண்டுகளைப் போட்டுக் குடிப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். பிற்பகலில் நெடுஞ்சாலையில் பிளாஸ்டிக் குடத்தில் வைத்துக்கொண்டு அழைப்பவரிடம் வாங்காதீர்கள். அது நீர் கலந்ததாகவோ சர்க்கரை கலந்ததாகவோ இருக்கக்கூடும். உண்மையான பதநீராகவே இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது வயிற்றுக்கு ஒத்துவராது.

நுங்கிலும் பதம் உண்டு. விரலால் அழுத்தினால் உள்ளே நீர் ததும்புவது இளநுங்கு. வெள்ளையாக இறுகிப் போனது பிள்ளைகளுக்கு வயிற்றுவலி தரும். தோலை உரிக்காமல் துவர்ப்போடு உண்பதுதான் பெரியவர்களின் பழக்கம், ஆனால் புதிதாக உண்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம்.

காலையில் இறக்கிய பதநீரில் விற்றது போக மீதியைப் பெரிய சட்டியில் ஊற்றிப் பனையோலையும் சுள்ளியும் எரித்துக் காய்ச்சுவார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். எட்டு, பத்து லிட்டர் பதநீரைப் பல மணி நேரம் காய்ச்சிப் பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி தேறும். மே மாத வெயிலில், எரியும் அடுப்பின் முன்னால் நின்று கிண்டும் அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் கருப்பட்டிக்கு ஒருபோதும் பேரம் பேச மாட்டார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது நல்ல செய்திதான், ஆனால் மரம் ஏறுவதற்கு இளையவர்கள் முன்வராத நிலையில் இன்னும் எத்தனை ஆண்டுகள் அந்தப் பெயருக்கு உரிய பொருள் கிடைக்கும் என்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற அது உதவும். மரத்தில் ஏறுபவரைக் காப்பாற்றுவது, அவர் கொண்டுவருவதைத் தேடி வந்து நியாயமான விலைக்கு வாங்குகிற உங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது.

கொங்குவழி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதநீரும் கருப்பட்டியும் இயற்கையானவை என்பதால் சர்க்கரை நோயாளிகளும் தாராளமாக உண்ணலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் தந்தையாருக்குக் கொடுக்கலாமா?

அடுக்களை எழுதியது:

தம்பி, இந்த ஒன்றில் தயவுசெய்து யார் சொல்வதையும் நம்பி நடந்துவிடாதீர்கள். பதநீரின் இனிப்பும் கரும்புச் சர்க்கரையின் இனிப்பும் பெரும்பகுதி ஒரே பொருள்தான். நூறு மில்லி பதநீரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஒரு பட்டை நிறையக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் உண்டு என்பது உண்மை. அதனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்பது உண்மையல்ல. அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இளநுங்கில் இனிப்பு குறைவு, வெறும் வயிற்றில் அல்லாமல் ஒன்றிரண்டு கொடுப்பதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஏற்ற கோடை உணவு இந்தக் கரையில் வேறு இருக்கிறது. நீர்மோர், கம்பங்கூழ், மோர்மிளகாய், சுட்ட கருவாடு ஆகியவற்றை விடவும் வெயிலுக்கு இதமானது என்று எதைச் சொல்ல முடியும்? கூழும் மாவுச்சத்துதான் என்பதால் அளவோடு. இரத்த அழுத்தமும் இருந்தால் கருவாட்டின் உப்பைக் கருதி அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கருவாட்டைப் பற்றி இங்கே யாரும் இதுவரை எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. புதிய மீன் குறைகிற நாட்களுக்காகத்தானே நம் முன்னோர் அதைக் கண்டார்கள்? உப்பளத்து உப்பும் கோடை வெயிலும் கரைமணலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் கருவாடு நன்றாக அமையாமல் எப்படி இருக்கும்? நெத்திலிக் கருவாட்டையும் மாங்காயையும் சேர்த்து, முருங்கைக்காய் இரண்டு போட்டு, தேங்காய் அரைத்து வைக்கும் குழம்பு சித்திரை மாதத்துக்கே உரியது. புளிக்குப் பதிலாக மாங்காயின் புளிப்பே போதும். இராமநாதபுரத்தில் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியின் முண்டு மிளகாய், குண்டு மிளகாய் என்று சொல்வதும் அதைத்தான், பங்குனி, சித்திரையில் களத்தில் காய்ந்து புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும். அதையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். நீள மிளகாயில் இல்லாத ஒரு மணம் அதில் உண்டு, மீன் குழம்புக்கும் கருவாட்டுக்கும் அதுவே பொருத்தம்.

கருவாடு வாங்கும்போது மண் ஒட்டாததாகவும், கையில் ஈரம் படாததாகவும், பூச்சி இல்லாததாகவும் பார்த்து வாங்க வேண்டும். மணலில் நேரடியாகக் காயவைத்ததை விட வலையின் மீதோ மேடையின் மீதோ காயவைத்தது சுத்தமாக இருக்கும்.

தேரிமணல் எழுதியது:

மதிப்புக்குரியவர்களே, இந்த இழையில் பலரும் நாட்டுப்படகு மீனைத் தேடி உண்ணுங்கள் என்று எழுதுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மீன்கள் முட்டையோடு இருக்கும் காலம் என்பதற்காகத்தானே விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறோம்? சுற்றுலா வருபவர்கள் அனைவரும் அதே நாட்களில் புதிய மீன் வேண்டும் என்று கேட்டால், விலை ஏறி, கண்ணி சிறிய வலைகளைக் கொண்டு கரையோரக் குஞ்சுகளை வாருவோருக்கும் ஊக்கம் கிடைக்கும். இரண்டு மாதங்கள் மீனைத் தொடாமல் இருப்பது உண்பவருக்குப் பெரிய இழப்பல்ல. பனைவிளை நண்பர் சொன்னதைப் போலப் பனையின் பருவத்தைப் பனையோடே கழிப்பதுதான் கடலுக்கும் மரியாதை.

கடலோரக்காரன் எழுதியது:

தேரிமணல் நண்பரின் அக்கறையை மதிக்கிறேன், கண்ணி சிறிய வலை கூடாது என்பதில் அவரோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் இரண்டு மாதங்கள் மீனே வேண்டாம் என்பது, அந்த இரண்டு மாதங்களை நம்பியிருக்கும் மனிதர்களைக் கணக்கில் எடுக்காத பேச்சு. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகும் எங்கள் உறவினர்கள் ஆண்டு முழுவதும் இழுவலைப் படகுகளோடு ஒரே கடலில் போட்டியிடுகிறார்கள். பெரிய படகுகள் கரையில் நிற்கும் இந்த நாட்களில்தான் அவர்களின் வலையில் கொஞ்சம் கூடுதலாக மீன் விழுகிறது, அதற்கு நல்ல விலையும் கிடைக்கிறது. தூண்டிலில் ஒவ்வொன்றாக வரும் விளமீனும், அளவான கண்ணியுள்ள செவுள்வலையில் சிக்கும் சாளையும் கடலடியைச் சிதைப்பதில்லை. தடையின் நோக்கமே அந்தச் சிதைவைத் தடுப்பதுதான். ஆகவே உண்பவர் செய்ய வேண்டியது, விரல் நீளக் குஞ்சு மீனைக் குவித்து விற்கும் இடத்தில் வாங்காமல் இருப்பதும், முட்டை நிறைந்த மீனை விரும்பிக் கேட்காமல் இருப்பதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. எங்களுக்குத் தடைக்காலம் இரண்டு. முனைக்குக் கிழக்கே இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முனைக்கு மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எனவே நீங்கள் வரும் மே மாதத்தில் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும், குளச்சல் பக்கம் தொழில் நடந்துகொண்டிருக்கும். கன்னியாகுமரியோடு பயணத்தை முடிக்காமல் மேற்கே ஒரு நாள் கூடுதலாக வந்தால், நீங்கள் ஆசைப்பட்ட மீன் உணவு அங்கே கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கை அவித்து மசித்து, குடம்புளி போட்ட சாளைக் குழம்போடு உண்பதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தேரிமணல் நண்பரின் மனமும் இதில் சற்று ஆறும் என்று நம்புகிறேன்.

தேரிமணல் எழுதியது:

குளச்சலைப் பற்றிய செய்தி எனக்கும் புதிது, நன்றி. சிறு தொழிலாளர்களின் வருமானத்தைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். கண்ணி அளவை வாங்குபவர் எவ்வாறு அறிவார் என்ற ஐயம் மட்டும் எனக்கு நீங்கவில்லை. மீனின் அளவைப் பார்த்து வாங்குவது என்ற உங்கள் அறிவுரையைப் பயணம் செய்பவர்கள் உறுதியாகப் பின்பற்றினால் நான் இதற்கு மேல் மறுப்பு சொல்ல மாட்டேன்.

காயல்வாசல் எழுதியது:

கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும் பயணத்தில் சேர்த்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பெரும்பாலானவர்கள் இந்த ஊர்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் உணவின் சிறப்பெல்லாம் வீடுகளிலும் விருந்துகளிலும்தான் இருக்கிறது, உணவகங்களில் அதில் சிறு பகுதியே கிடைக்கும். திருமணத்துக்கு யாரேனும் அழைத்தால் மட்டுமே களரிச் சாப்பாடு உங்களுக்கு வாய்க்கும். ஆனால் மாலை நேரத்தில் காயல்பட்டினத்துத் தெருக்களில் வாடா கிடைக்கும். அரிசி மாவின் உள்ளே இறால் பூரணம் வைத்துப் பொரித்தது அது. கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து நெடுநேரம் கிண்டிச் செய்வதால் சில நாட்கள் கெடாமல் இருக்கும், பிள்ளைகள் விரும்புவார்கள். பனையேறியின் உழைப்பு எங்கள் அடுப்பிலும் முடிகிறது என்பதைப் பனைவிளை நண்பருக்குச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன் பற்றி எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நான் விரித்து எழுதவில்லை. வெயிலில் காரின் உள்ளே வைத்துவிட்டால் அது இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடலோரக்காரன் எழுதியது:

பிள்ளைகள் கடலில் இறங்குவதைப் பற்றி நண்பர் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. இதுவே எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று நாங்கள் சொல்லும் கொந்தளிப்பு வரும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்களால் உண்டாகும் பேரலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அதனால்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். 2024 மே மாதத்தில் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் உயிரிழந்தார்கள். அந்த நாட்களையொட்டிக் கடற்கொந்தளிப்பு எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் அதைப் பார்ப்பதும், கரையில் இருக்கும் மீனவர்களிடம் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்பதும் உங்களுக்குச் சில நிமிட வேலைதான். இறங்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எதிர்வாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். முட்டம், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் பாறைகளின் மீது நின்று படம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். பாறையில் மோதி ஏறும் அலை முழங்கால் அளவாகவே இருந்தாலும் ஆளை இழுத்துவிடும்.

மன்னார் வளைகுடாக் கரையில் அலை பொதுவாகத் தணிவாக இருக்கும் என்றாலும், மே இறுதியை நெருங்க நெருங்கக் கச்சான் என்று நாங்கள் சொல்லும் மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கும். பிற்பகலில் மணலை வாரி முகத்தில் அடிக்கும். காலை ஆறு முதல் எட்டு மணி வரையும், மாலை ஐந்து மணிக்குப் பிறகும் மட்டும் கடற்கரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டில் மணற்குன்றின் மீது இருக்கும் திருச்சிலுவைக் கோயிலுக்கு மாலையில் ஏறினால், ஒருபக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக அந்த ஊர் முழுவதும் தெரியும். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அந்தக் குன்றின் அடியில்தான் இருக்கிறது. தந்தையாருக்கு ஏறுவது கடினமாக இருந்தால் கீழே இருந்தே கடலைப் பார்க்கலாம்.

உப்பளக்கரை எழுதியது:

திருச்செந்தூரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பௌர்ணமி நாளில் அங்கே இரவு தங்கக் கடற்கரை முழுவதும் மக்கள் கூடுகிறார்கள். அறையும் கிடைக்காது, வாகனம் நிறுத்த இடமும் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். வைகாசி விசாகம் சில ஆண்டுகளில் மே மாதத்திலேயே வந்துவிடும், அதையும் பாருங்கள். கடலுக்கு மிக அருகில் இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக் கிணற்று நீரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி விற்பார்கள். சுக்கு சேர்த்துச் செய்தது, வழியில் வாயில் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

கொங்குவழி எழுதியது:

பயணத்தை முழுவதும் மாற்றி அமைத்துவிட்டோம். தூத்துக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படுவது, உடன்குடிப் பக்கம் ஒரு காலைப் பொழுது முழுவதும் பனங்காட்டில் இருப்பது, கன்னியாகுமரிக்குப் பிறகு குளச்சலில் ஒரு நாள் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி. பதநீரை ஊருக்குக் கொண்டுவர வழி உண்டா? கருப்பட்டியில் சர்க்கரை கலப்படம் நடப்பதாகச் சொல்கிறார்களே, நல்லதை எங்கே வாங்குவது?

பனைவிளை எழுதியது:

பதநீரைக் கொண்டுபோக முயல வேண்டாம். கோயமுத்தூர் சேர்வதற்குள் புளித்துவிடும், வெயிலில் மூடி இறுகிய பாட்டில் பொங்கி வெடிக்கவும் கூடும். கள் இறக்குவதற்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், புளித்த பதநீரை வண்டியில் வைத்துக்கொண்டு வழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலையும் வேண்டாம்.

கலப்படத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பார்த்த அளவில் கண்டுபிடிப்பதற்குப் பலரும் பல வழிகளைச் சொல்வார்கள், அவற்றை நான் நம்புவதில்லை. நம்பத்தக்க வழி, காய்ச்சும் இடத்திலேயே நின்று வாங்குவதுதான். பனங்காட்டில் ஒரு காலைப் பொழுதைக் கழிப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள், அங்கே புகை எழும் குடிலைக் கேட்டுப் போனால் யாரும் மறுக்க மாட்டார்கள். அன்று ஊற்றிய கருப்பட்டி உடனே கிடைக்கவில்லையென்றால் முந்தைய நாளுடையதைத் தருவார்கள். அதுவும் முடியாவிட்டால் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் வாங்குங்கள். சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதை மட்டும் வாங்காதீர்கள், பத்து லிட்டர் பதநீரின் விலையையும் விறகையும் ஒரு நாள் உழைப்பையும் கூட்டிப் பார்த்தால் அந்த விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது என்பது உங்களுக்கே விளங்கும்.

அடுக்களை எழுதியது:

வாங்கிய கருப்பட்டியை ஓலைக் கொட்டானிலோ தாளிலோ சுற்றிக் காற்றுப் படாத டப்பாவில் வையுங்கள், மழைக்காலம் வந்தால் அது ஈரம் இழுத்துக் கசியும். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகையும் சூடும் பட்டு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஊர் திரும்பியதும் ஒரு துண்டைத் தட்டி நீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கிவிடும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மண்பானையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அப்பாவுக்கு மட்டும் உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர்.